கணினி கேள்வி பதில்: உறங்கும் இழையை எழுப்புவது யார்?

சென்ற இதழில் வேறொரு கேள்விக்கு விடை எழுதும்போது, "தரவு வரும்வரை அந்த இழை உறங்கும்" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த வரியைப் பிடித்துக்கொண்டு வந்த கேள்விகளே இம்முறை இப்பகுதியை நிரப்பிவிட்டன. ஒரு நிரலுக்குள் தனித்து ஓடும் வேலைத்தொடரை, த்ரெட் என்று வழக்கத்தில் சொல்வதையே, இங்கே இழை என்கிறேன். விளக்கங்கள் பெரும்பாலும் லினக்ஸ் இயங்குதளத்தின் உட்கருவான கெர்னலைச் சார்ந்தவை. அதன் மூலநிரல் திறந்து கிடப்பதால் நான் சொல்வதை எவரும் சரிபார்த்துக்கொள்ளலாம்.

கேள்வி: உறங்கும் இழை எங்கே போகிறது? "எழுந்துவிட்டாயா" என்று சிபியு அதை அடிக்கடி கேட்டுக்கொண்டே இருக்குமா? அப்படியானால் ஆயிரம் இழைகள் உறங்கும் கணினி மெதுவாகிவிடாதா?
– பாலிடெக்னிக் மாணவர் ஒருவர்

பதில்: கேட்காது. உறக்கம் என்பது இழைக்குள் நிகழும் ஒன்றன்று. கெர்னல் வைத்திருக்கும் பட்டியல்களில் ஏற்படும் ஓர் இடமாற்றம். ஒவ்வொரு சிபியுவுக்கும் ஓர் ஓட்ட வரிசை உண்டு. இந்தக் கணமே ஓடத் தயாராக உள்ள இழைகள் மட்டுமே அதில் இருக்கும். அடுத்து யாரை ஓடவிடுவது என்று முடிவெடுக்கும் ஷெட்யூலர் அந்த வரிசையைத்தான் பார்க்கும். வட்டிலிருந்து தரவு வரவேண்டிய இழை, தன் நிலையை 'உறக்கம்' என்று குறித்துக்கொண்டு, எதிர்பார்க்கும் பொருளோடு இணைந்த காத்திருப்பு வரிசையில் தன்னைச் சேர்த்துவிட்டு, ஓட்ட வரிசையிலிருந்து விலகிவிடுகிறது. அதன் ரெஜிஸ்டர் மதிப்புகள் சேமிக்கப்பட்டிருக்கும். 64 பிட் இன்டெல், ஏ.எம்.டி. கணினிகளில் ஒவ்வோர் இழைக்கும் லினக்ஸ் ஒதுக்கும் 16 கிலோபைட் கெர்னல் அடுக்கும் அப்படியே நினைவகத்தில் கிடக்கும். ஆகவே ஆயிரம் இழைகள் உறங்கினால் அவை பிடித்து வைத்திருப்பது நினைவகத்தைத்தான், சிபியுவின் நேரத்தை அன்று.

பலரும் கவனிக்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கெர்னல் வெளியிலிருந்து வந்து இழையைப் படுக்கவைப்பதில்லை. இழை தானாகவே போய்ப் படுக்கிறது. கோப்பைப் படித்துத் தரக் கெர்னலைக் கேட்கும் 'சிஸ்டம் கால்' என்ற அழைப்புக்குள் நுழைந்த இழை, தரவு இன்னும் இல்லை என்று கண்டதும், 'ஷெட்யூல்' என்ற செயற்கூறைத் தானே அழைக்கிறது. அந்த அழைப்புக்குள் சிபியு வேறோர் இழைக்குக் கைமாறிவிடும். பிறகு எப்போதோ, ஒரு மில்லிவினாடி கழித்தோ ஒரு நாள் கழித்தோ, அதே அழைப்பு ஒன்றுமே நடவாததுபோல் முடிந்து திரும்பும். உறங்கிய இழையைப் பொறுத்தவரை, சற்று நேரம் பிடித்த ஒரு செயற்கூறு அழைப்பு, அவ்வளவுதான்.

இத்தனை ஏற்பாடு எதற்கு என்றால், கணக்கு அப்படி. 3 கிகாஹெர்ட்ஸ் சிபியுவுக்கு, சுழலும் வட்டு ஒருமுறை தரவைத் தேடியெடுக்க ஆகும் சுமார் 10 மில்லிவினாடி என்பது 3 கோடி சுழற்சிகள். அத்தனை சுழற்சிகளையும் "வந்ததா, வந்ததா" என்று வாசலைப் பார்ப்பதிலேயே கழிப்பது வீண். எழுப்பும் வேலை ஏற்கெனவே விழித்திருக்கும் ஒருவருடையது: வட்டு வேலையை முடித்துவிட்டுச் சிபியுவின் கவனத்தைத் திருப்ப அனுப்பும் சைகையான குறுக்கீட்டைக் கையாளும் நிரலோ, ஒரு நேரத்தில் ஒருவரே தரவைத் தொடுமாறு காக்கும் பூட்டை விடுவிக்கும் மற்றோர் இழையோ, கால எண்ணியோ காத்திருப்பு வரிசையைப் பார்த்து, அங்குள்ளவரை ஓட்ட வரிசைக்குத் திருப்பி அனுப்பும்.

கேள்வி: எம்.ஐ.டி.யின் எக்ஸ்வி6 என்ற பயிற்சி இயங்குதளத்தின் நிரலைப் படித்துக்கொண்டிருக்கிறேன். 'ஸ்லீப்' செயற்கூறுக்கு ஒரு 'சேனல்' தருகிறார்கள். கூடவே ஒரு பூட்டையும் தருகிறார்கள். சேனல் வழியாக எந்தத் தரவும் போவதாகத் தெரியவில்லை. பூட்டோ, தூங்கப் போகிறவரிடம் எதற்கு என்றே புரியவில்லை. விளக்குவீர்களா?
– மூன்றாம் ஆண்டு கணினிப் பொறியியல் மாணவி

பதில்: சேனல் என்ற பெயர்தான் உங்களைக் குழப்பியிருக்கிறது. அது வெறும் ஓர் எண். பெரும்பாலும் நினைவகத்தில் உள்ள ஏதோ ஒரு பொருளின் முகவரி. பி.டி.பி.-11 கணினிக்காக 1975இல் வெளிவந்த ஆறாம் பதிப்பு யூனிக்ஸிலிருந்து வந்த பழக்கம் இது. அங்கே 'ஸ்லீப்' அந்த எண்ணை ப்ராசஸின், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் நிரலின், பதிவில் எழுதிவைத்துவிட்டு ஒதுங்கும். 'வேக்அப்' ப்ராசஸ் அட்டவணையை முதலிலிருந்து கடைசிவரை புரட்டி, அதே எண்ணை எழுதிவைத்துள்ள அத்தனை பேரையும் எழுப்பும். அட்டவணையில் இருந்ததே 50 இடங்கள் என்பதால் அது போதுமானதாக இருந்தது. தொடர்பில்லாத இருவர் தற்செயலாக ஒரே எண்ணில் உறங்கினாலும் கேடில்லை. தவறாக எழுப்பப்பட்டவர் தம் காரியம் ஆகவில்லை என்று கண்டு மீண்டும் உறங்கிவிடுவார்.

பூட்டு பற்றிய உங்கள் கேள்வி இந்தத் துறையின் மிகப் பழைய சிக்கலைத் தொடுகிறது. மருத்துவப் பரிசோதனைக் கூடம் ஒன்றுக்கு ரிப்போர்ட் வாங்கப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வந்துவிட்டதா என்று கேட்கிறீர்கள்; இல்லை என்கிறார்கள். காத்திருப்போர் ஏட்டில் பெயர் எழுதலாம் என்று நீங்கள் நகர்கிற அந்த இடைவெளியில் உள்ளேயிருந்து ரிப்போர்ட் வருகிறது. ஊழியர் ஏட்டைப் பார்க்கிறார், உங்கள் பெயர் இல்லை, உறையை மேசைக்குள் வைத்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விடுகிறார். அதன்பின் நீங்கள் பெயரை எழுதிவிட்டு அமர்கிறீர்கள். ரிப்போர்ட் தயார், நீங்களும் அங்கேயே இருக்கிறீர்கள், ஆனால் இனி உங்களை யாரும் கூப்பிடப் போவதில்லை. இதில் எவரும் தவறு செய்யவில்லை என்பதுதான் வேடிக்கை. தொலைந்த எழுப்பல் என்று இதைச் சொல்லலாம். பத்து லட்சம் முறை ஓடினால் ஒருமுறை நிகழக்கூடியது. நிகழ்ந்தால் அந்த இழை ஒருபோதும் எழாது. பிழை தேடுவதற்காக நீங்கள் நடுவே இரண்டு அச்சு வரிகளைச் சேர்த்தால் காலம் சற்று மாறி, சிக்கலும் மறைந்துவிடும்.

ஆறாம் பதிப்பு யூனிக்ஸில் ஒரே சிபியுதான் என்பதால், சரிபார்ப்பதற்கும் உறங்குவதற்கும் இடையே குறுக்கீடுகளைத் தற்காலிகமாக அடைத்துவைத்தால் போதும். ஊழியர் அறையை விட்டு வெளியே வரவே முடியாது. பல சிபியுக்கள் ஒன்றாக ஓடும்போது அந்த வழி உதவாது, ஏனெனில் குறுக்கீடுகளை அடைப்பது அவரவர் சிபியுவைத்தான் கட்டுப்படுத்தும். எக்ஸ்வி6 கையாளும் வழி வேறு: நிபந்தனையைப் பாதுகாக்கும் பூட்டைக் கையில் வைத்துக்கொண்டே சரிபார்க்க வேண்டும், அந்தப் பூட்டை 'ஸ்லீப்'பிடம் ஒப்படைக்க வேண்டும். ப்ராசஸின் சொந்தப் பூட்டைத் தான் பிடித்துக்கொண்ட பிறகே 'ஸ்லீப்' நீங்கள் தந்த பூட்டை விடுவிக்கும். எழுப்ப வருபவருக்கு இரண்டு பூட்டுகளும் தேவை. ஆகவே நீங்கள் முழுமையாக உறங்கியாகும்வரை அவரால் ஏட்டைப் பார்க்கவே முடியாது. தூங்கப் போகிறவரிடம் பூட்டு இருப்பது இதற்காகத்தான்.

லினக்ஸ் செய்வது, என் கண்ணுக்கு, இன்னும் அழகானது: வரிசையை மாற்றிவிடுகிறது. முதலில் ஏட்டில் பெயர், பிறகுதான் கேள்வி. இழை முதலில் காத்திருப்பு வரிசையில் சேர்ந்து, தன் நிலையை 'உறக்கம்' என்று குறித்துக்கொள்கிறது. உண்மையில் அது இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. அதன் பின்னரே தரவு வந்துவிட்டதா என்று பார்க்கிறது. வந்திருந்தால் நிலையைத் திருத்தி, பெயரை அடித்துவிட்டு வேலையைத் தொடரும். வரவில்லை என்றால் 'ஷெட்யூல்' அழைப்பு. பார்த்து முடித்ததற்கும் 'ஷெட்யூல்' அழைப்புக்கும் நடுவில் தரவு வந்தாலும் கவலையில்லை. எழுப்புபவர் ஏட்டில் பெயரைக் கண்டு இழையின் நிலையை 'ஓட்டம்' என்று மாற்றிவிடுவார். 'ஷெட்யூல்' அந்த நிலையைப் பார்த்து இழையை ஓட்ட வரிசையிலிருந்து அகற்றாமலே விட்டுவிடும். உறங்கப் போனவர் படுக்கையில் தலைவைத்ததும் எழுந்துகொள்கிறார்.

இதிலும் ஒரு நுட்பம் ஒளிந்திருக்கிறது. நாம் நிரலில் எழுதிய வரிசையிலேயே சிபியு நினைவகத்தைத் தொடும் என்று உறுதியில்லை. "நிலையை எழுது, பிறகு நிபந்தனையைப் படி" என்று எழுதினாலும், எழுதியது இடைநிலைத் தாங்கியில் தங்கி நிற்க, படிப்பது முந்திக்கொள்ளலாம். ஒழுங்குக் கட்டுப்பாடு மிகுந்த எக்ஸ்86 சிபியுக்களும் இந்த ஒன்றை மட்டும் அனுமதிக்கின்றன. அப்படி நடந்தால் நாம் மாற்றியமைத்த வரிசை மறுபடியும் தலைகீழாகிவிடும். அதனால் நிலையை மாற்றும் செயற்கூறுக்குள் லினக்ஸ் ஒரு முழு நினைவகத் தடுப்பை வைத்திருக்கிறது. எழுப்பும் பக்கத்திலும் அதற்கு இணையான தடுப்பு ஒன்று இருக்கிறது. இரண்டில் ஒன்றை எடுத்துவிட்டாலும் பரிசோதனைக் கூடத்தின் கதைதான்.

கேள்வி: ஒரு நிபந்தனை நிறைவேறும்வரை இழையை உறங்கவைக்கும் நிபந்தனை மாறிகளில் காத்திருக்கும்போது 'இஃப்' போதாது, 'வைல்' சுற்றுக்குள் வைக்க வேண்டும் என்று எல்லாப் பாடநூல்களும் வற்புறுத்துகின்றன. எழுப்பப்பட்டுவிட்டால் நிபந்தனை நிறைவேறிவிட்டது என்றுதானே பொருள்?
– மென்பொருள் துறையில் புதிதாகச் சேர்ந்தவர்

பதில்: அன்று. எழுப்புதல் என்பது "உனக்கு வேலை தயார்" என்ற வாக்குறுதியன்று. "எழுந்து ஒருமுறை பார்த்துக்கொள்" என்ற சைகை மட்டுமே. எழுப்பப்பட்டவர் உடனே ஓடத் தொடங்குவதில்லை, ஓட்ட வரிசையில் சேர்க்கப்படுகிறார். அவர் முறை வருவதற்குள், உறங்காமலே இருந்த மூன்றாவது இழை ஒன்று வந்து தரவை எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். டோனி ஹோர் 1974இல் முன்வைத்த, பூட்டையும் காத்திருப்பையும் ஒன்றாகக் கட்டிய மானிட்டர் அமைப்பில், எழுப்பியவர் சிபியுவை எழுப்பப்பட்டவரிடம் அக்கணமே ஒப்படைத்துவிடுவார் என்பதால் 'இஃப்' போதுமாக இருந்தது. ஜெராக்ஸ் நிறுவனத்தில் மேசா மொழியில் மானிட்டர்களை நடைமுறைக்குக் கொண்டுவந்த பட்லர் லாம்ப்சனும் டேவிட் ரெடலும் 1980இல் வெளியிட்ட கட்டுரையில், அந்தக் கண்டிப்பைத் தளர்த்தி, எழுப்பலை ஒரு குறிப்பாக மட்டும் கொள்வதே நடைமுறைக்கு எளிது என்று வாதிட்டார்கள். இன்றைய இயங்குதளங்கள் அவர்கள் வழியையே பின்பற்றுகின்றன. காரணமின்றி எழுப்பப்படுவதற்கும் யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான போசிக்ஸ் தரவரையறை இடம் தருகிறது. மேலே சொன்ன சேனல் முறை, தற்செயலாக எண்கள் மோதினாலும் பிழைத்துக்கொண்டது இந்த மறுபார்வைப் பழக்கத்தால்தான். ஆகவே 'வைல்' எழுதுங்கள்.

கேள்வி: எங்கள் சேவையகத்தில் சில ப்ராசஸ்கள் 'டி' என்ற நிலையில் மாட்டிக்கொள்கின்றன. 'கில்' கட்டளையை 9 என்ற எண்ணோடு கொடுத்தாலும் சாவதில்லை. சிபியு சும்மா இருக்கும்போதே லோடு ஆவரேஜ் 40ஐத் தாண்டுகிறது. இது கெர்னலின் பிழையா?
– சேவையகப் பராமரிப்பாளர் ஒருவர்

பதில்: உங்கள் எரிச்சல் எனக்குத் தெரிந்த எரிச்சல். நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில், கோப்புகளை வலையமைப்பு வழியாகப் பகிரும் சேவையகம் ஒருநாள் நின்றுபோக, அதிலிருந்த கோப்புகளைத் தொட்ட ப்ராசஸ்கள் எல்லாம் இதே நிலையில் உறைந்துவிட்டன. ஒரு மணி நேரம் 'கில்' அடித்துப் பார்த்துவிட்டுத்தான் சிக்கல் இந்தக் கணினியில் இல்லை என்று புரிந்துகொண்டேன்.

உறக்கத்தில் இரண்டு வகை உண்டு. 'எஸ்' என்று காட்டப்படுவதைச் சிக்னல் (ப்ராசஸுக்கு அனுப்பும் அறிவிப்பு, 'கில்' அனுப்புவதும் அதுவே) கலைக்கலாம். விசைப்பலகைக்காகவோ வலையமைப்பு இணைப்புக்காகவோ காத்திருப்பது இவ்வகை. 'டி' என்பதைச் சிக்னல் கலைக்காது. இந்தப் பிரிவும் ஆறாம் பதிப்பு யூனிக்ஸில் தொடங்கியதுதான்: 'ஸ்லீப்'புக்கு அளிக்கும் முன்னுரிமை எண் எதிர்மறையாக இருந்தால் சிக்னல் எட்டிப் பார்க்காது. வட்டுக்காகக் காத்திருப்பவருக்கு −50, முனையத்தில் விசை அழுத்தத்துக்காகக் காத்திருப்பவருக்கு 10 என்று வைத்திருந்தார்கள். மனிதர் விசையைத் தொடுவது என்றைக்கு என்று சொல்ல முடியாது. வட்டோ சில மில்லிவினாடிகளில் கட்டாயம் விடைதரும், நடுவில் கலைத்தால் பாதி எழுதிய தரவை யார் சீர்செய்வது என்பதே அதன் நியாயம். அந்த நியாயம் இன்றும் செல்லும். ஆனால் "கட்டாயம் விடைதரும்" என்ற நம்பிக்கை, வட்டின் இடத்தில் வலையமைப்புக்கு அப்பாலுள்ள வேறொரு கணினி வந்து அமர்ந்தபோது தளர்ந்துவிட்டது. அதற்காகவே 2008இல் வந்த 2.6.25 பதிப்பில் லினக்ஸ் ஓர் இடைநிலையைச் சேர்த்தது: மற்றச் சிக்னல்களுக்கு அசையாது, கொல்லும் சிக்னலுக்கு மட்டும் விழிக்கும் உறக்கம். எல்லா டிரைவர்களும் இதற்கு மாறிவிடவில்லை. காலக்கெடு வைக்காமல் 'டி' நிலையில் காத்திருக்கும் டிரைவரைத்தான் நான் குறைசொல்வேன், நிலையை அன்று.

கணினியின் சுமையைக் காட்டும் லோடு ஆவரேஜ் கணக்கும் இதனால்தான். லினக்ஸ் 1993 முதல் ஓடும் இழைகளோடு 'டி' நிலையில் உறங்குவோரையும் சேர்த்தே எண்ணுகிறது. உங்கள் 40 என்ற எண் 40 பேர் உழைப்பதைக் காட்டவில்லை, ஏறக்குறைய 40 பேர் எதற்கோ காத்துக்கிடப்பதைக் காட்டுகிறது. எதற்கு என்று அறிய, 'பிஎஸ்' கட்டளையில் 'டபிள்யூசான்' என்ற நெடுவரிசையைக் கேளுங்கள். இழை கெர்னலின் எந்தச் செயற்கூறுக்குள் உறங்குகிறது என்று அது சொல்லும். பெயரின் பின்பாதி பழைய 'சேனல்' என்பதன் சுருக்கம்தான். 120 வினாடிகளுக்குமேல் 'டி' நிலையில் கிடப்பவரைப் பற்றி கெர்னல் தன் பதிவேட்டில் எச்சரிக்கை எழுதும் வசதியும் உண்டு, அங்கேயும் பாருங்கள்.

கேள்வி: ஒவ்வொரு முறை பூட்டைப் பிடிக்கும்போதும் கெர்னலுக்குள் போய்வர வேண்டுமென்றால் நிரல் நத்தையாகிவிடாதா?
– நிரலாளர் ஒருவர்

பதில்: போக வேண்டியதில்லை. ஃபியூடெக்ஸ் என்ற வசதி அதற்காகவே வந்தது. ஹூபர்டஸ் ஃபிராங்கே, ரஸ்டி ரஸ்ஸல், மேத்யூ கிர்க்வுட் ஆகியோர் இதைப் பற்றி 2002இல் ஒட்டாவா லினக்ஸ் கருத்தரங்கில் கட்டுரை படித்தார்கள். பூட்டு என்பது நிரலின் சொந்த நினைவகத்தில் உள்ள 32 பிட் எண். போட்டியில்லாதபோது பிரிக்கமுடியாத ஒற்றைக் கட்டளையால் அதை மாற்றிப் பூட்டைப் பிடித்துவிடலாம். கெர்னலுக்கு அப்படியொரு பூட்டு இருப்பதே தெரியாது. வேறொருவர் பிடித்திருந்தால் மட்டும், "இந்த முகவரியில் உள்ள எண் இன்னும் 2ஆகவே இருந்தால் என்னை உறங்கவிடு" என்பதுபோல் கெர்னலிடம் கேட்கும். கெர்னல் தன் உள்பூட்டைப் பிடித்துக்கொண்டு அந்த எண்ணை மறுபடி படித்துப் பார்க்கும். மாறியிருந்தால் உறங்கவிடாமல் திருப்பி அனுப்பிவிடும். எதிர்பார்க்கும் எண்ணையும் கூடவே சொல்லவேண்டும் என்ற விதி எதற்கு என்று இனி உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. விண்டோஸ் 8இலும் இதே சாயலில் முகவரியில் காத்திருக்கும் வசதி வந்தது.

கேள்வி: ஒரே போர்ட்டில் நூறு ப்ராசஸ்கள் காத்திருக்கும்போது ஓர் இணைப்பு வந்தால் நூறும் எழுமா?
– வலைத்தள நிர்வாகி

பதில்: ஒருகாலத்தில் எழுந்தன. ஒரு வடைக்கு நூறு காக்கைகள் இறங்க, தொண்ணூற்றொன்பது வெறுமனே திரும்பிப் போகும். அந்தப் போக்குவரத்திலேயே சிபியு களைத்துவிடும். இப்போது காத்திருப்பு வரிசையில் சேரும்போதே 'என்னைத் தனியாக எழுப்பினால் போதும்' என்று குறித்துக்கொள்ளலாம். அப்படிக் குறித்தவர்கள் வரிசையின் பின்முனையில் நிற்பார்கள். எழுப்புபவர் முன்னாலிருக்கும் மற்றவர்களை எல்லாம் எழுப்பிவிட்டு, குறித்தவர்களில் முதல் ஒருவரோடு நின்றுவிடுவார். பல இணைப்புகளை ஒருசேரக் கவனிக்கும் ஈபோலைப் பயன்படுத்துவோருக்கு இதே வசதி 2016இல் 4.5 பதிப்பில் வந்தது.

கேள்வி: 1 மில்லிவினாடி உறங்கச் சொன்னால் அதற்கும் மேலாக உறங்குகிறது. ஏன்?
– பள்ளிக் கணினி ஆசிரியர்

பதில்: உறக்க நேரம் என்பது எப்போதும் "குறைந்தது இவ்வளவு" என்றே பொருள்படும். பல கால எண்ணிகளை ஒரே விழிப்பில் தீர்த்து மின்சாரத்தைச் சேமிப்பதற்காக, லினக்ஸ் சாதாரண இழைகளுக்கு 50 மைக்ரோவினாடி வரை தாமதிக்கத் தனக்கே அனுமதி எடுத்துக்கொள்கிறது. விண்டோஸின் வழக்கமான கடிகாரத் துடிப்பு வினாடிக்கு 64, அதாவது ஏறக்குறைய 15.6 மில்லிவினாடிக்கு ஒன்று. 1 மில்லிவினாடி கேட்டவர் அடுத்த துடிப்புவரை படுத்திருக்க நேரலாம். கால எண்ணி எழுப்பிய பிறகும் ஓட்ட வரிசையில் முறை வரவேண்டும்.

கேள்வி: எல்லா இழைகளுமே உறங்கிவிட்டால் சிபியு என்ன செய்யும்? அதை யார் எழுப்புவார்?
– அதே பாலிடெக்னிக் மாணவர், இரண்டாவது கடிதத்தில்

பதில்: ஒவ்வொரு சிபியுவுக்கும் வேலையற்ற இழை என்று ஒன்று எப்போதும் உண்டு, ஓட வேறு எவரும் இல்லாதபோது ஷெட்யூலர் அதைத் தேர்ந்தெடுக்கும். அது எக்ஸ்86 சிபியுவில் 'ஹால்ட்' கட்டளையையும் ஏ.ஆர்.எம். சிபியுவில் 'குறுக்கீடு வரும்வரை காத்திரு' என்ற கட்டளையையும் இடும்; சிபியு குறைந்த மின்சாரத்தில் அசைவற்று நிற்கும். விசைப்பலகை, வலையமைப்பு அட்டை, கால எண்ணி, இல்லையேல் மற்றொரு சிபியு அனுப்பும் குறுக்கீடு அதை எழுப்பும்.

இதைப் படித்ததும், சற்றுமுன் பொறியியல் மாணவிக்குச் சொன்ன பரிசோதனைக் கூடம் உங்கள் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். வேலையற்ற இழை "யாராவது ஓடத் தயாரா" என்று பார்க்கிறது, எவருமில்லை, 'ஹால்ட்' இடப்போகிறது. அந்த நூலிழை இடைவெளியில் குறுக்கீடு வந்து ஒருவரை எழுப்பிவிட்டுப் போய்விட்டால், எழுந்தவர் வரிசையில் நிற்க, சிபியு உறங்கிப்போகும். இங்கே ஒப்படைப்பதற்குப் பூட்டு ஏதுமில்லை, கெர்னலுக்குக் கீழே இன்னொரு கெர்னலும் இல்லை. ஆகவே குறுக்கீடுகளை அடைத்துவிட்டுத்தான் சரிபார்ப்பு நடக்கிறது. அடைத்த நிலையிலேயே 'ஹால்ட்' இட்டால் யாராலும் எழுப்ப முடியாது. திறந்துவிட்டு இட்டால் பழைய இடைவெளி திரும்பிவிடும். எக்ஸ்86இல் குறுக்கீடுகளைத் திறக்கும் கட்டளை, தனக்கு அடுத்த ஒரு கட்டளை முடிந்த பிறகே நடப்புக்கு வருமாறு வடிவமைக்கப்பட்டிருக்கிறது. 'திற' என்பதற்கு அடுத்தே 'ஹால்ட்' என்று ஒட்டி எழுதிவிட்டால் இரண்டுக்கும் நடுவே எந்தக் குறுக்கீடும் நுழையாது. காத்திருந்த குறுக்கீடு, சிபியு படுத்தவுடன் அதைத் தட்டி எழுப்பும். ஏ.ஆர்.எம். இன்னும் எளிதாக முடித்துவிடுகிறது: குறுக்கீடு அடைக்கப்பட்டிருந்தாலும், அது வந்து நிற்கிறது என்றாலே காத்திருக்கும் கட்டளை விழித்துக்கொள்ளும்.